மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்கள் இந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது விடை எழுதியிருப்பீர்கள்: கங்கைச் சமவெளியில் மக்கள் அடர்த்தி ஏன் அதிகம்? விடை நமக்கு மனப்பாடம். வண்டல் மண், வற்றாத ஆறு, சமதளமான நிலம், போதிய மழை. ஐந்து வரி எழுதினால் முழு மதிப்பெண்.

அந்த விடையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது. ஆற்றங்கரையில் மக்கள் கூடினார்கள், சரி. கூடியவர்களில் யார் மேட்டில் வீடு கட்டினார்கள்? யார் வாய்க்கால் முடிகிற பள்ளத்தில் குடிசை போட்டார்கள்? யாருக்கு வயல் கிடைத்தது, யாருக்கு அந்த வயலில் வேலை மட்டும் கிடைத்தது? எந்தத் தேர்வுத்தாளும் இதைக் கேட்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தத் துணைக்கண்டத்தில் எங்கே என்ன விளையும், எத்தனை பேர் பிழைக்கலாம் என்பதை மலையும் ஆறும் மழையும் தீர்மானித்தன. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது சாதி. அதற்குத் துணை நின்றவை அரசுகள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், அடுத்த வெள்ளம் வரும்போது 'இயற்கை' என்ற ஒரே சொல்லால் நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

மலையும் மழையும் செய்தது

முதலில் புவியியலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வடக்கே சுமார் 2400 கிலோமீட்டர் நீளத்துக்கு இமயமலை நிற்கிறது. நடு ஆசியாவின் குளிர்காற்றை அது தடுக்கிறது. தெற்கிலிருந்து போகும் ஈரக்காற்றை மறித்து மழையாக இறக்குகிறது. அந்தப் பனியும் மழையும்தான் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா. அவை அரித்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை விரிந்து கிடக்கும் சமவெளி.

மேற்கே, கடலோரமாகச் சுமார் 1600 கிலோமீட்டருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று அதில் மோதி கேரளத்திலும் கொங்கணத்திலும் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால் தக்காணத்தின் பெரும்பகுதியும் நம் கொங்குப் பகுதியும் மழை மறைவு நிலங்கள். இந்தியாவின் ஆண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தென்மேற்குப் பருவத்தில் வருகிறது. தமிழ்நாட்டுக்கோ ஏறத்தாழப் பாதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான்.

மழை மாறினால் பயிர் மாறும். பயிர் மாறினால் வேலையின் தன்மை மாறும். தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல்; நிற்காத இடத்தில் கம்பு, சோளம், பருத்தி, கடலை. நெல் விளையும் இடத்தில் ஊர்கள் நெருங்கி இருக்கும், புஞ்சைக் காட்டில் ஊர்கள் விலகி இருக்கும். இதுவரை பாடப்புத்தகத்தோடு நமக்குச் சண்டை இல்லை.

நிலத்தையும் தொழிலையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. ஐந்திணை அதைத்தான் செய்தது. ஆனால் திணையின் பெருமையைப் பேசும் மேடைகளில், மருத நிலத்தில் சேற்றில் இறங்கியவர் யார், வரப்பில் நின்றவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. நாம் அதை எழுப்ப வேண்டும்.

காவிரி கேட்டது கைகளை

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவருகிறது காவிரி. மேற்கே மலையில் பெய்த மழை, கிழக்கே மழை குறைந்த மாதங்களில் நம் வயலுக்கு வருகிறது. கல்லணையும், 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் அந்தத் தண்ணீரை நெல்லாக மாற்றின.

நெல்லுக்கு ஒரு குணம் உண்டு. அது நாள் பார்த்து வேலை கேட்கும் பயிர். தண்ணீர் வந்த சில வாரங்களுக்குள் நடவு முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறுகுவதற்குள் குறுவையை அறுத்துக் களம் சேர்க்க வேண்டும். நாற்று பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, அடிக்க, குறித்த நாளில் ஆட்கள் வயலில் நின்றாக வேண்டும். இல்லையென்றால் போகம் போய்விடும். நிலமுள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் பக்கத்திலேயே, வேறு போக்கிடம் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. பண்ணையாள் முறை இந்தத் தேவைக்குப் பயன்பட்டது. 1843-இல் ஆங்கில அரசு அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. கடன் என்ற பெயரில் கட்டு தொடர்ந்தது. பண்ணையாள்களுக்கென்று தஞ்சைக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 வரை ஆனது.

1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் இந்தத் தொடர்பைக் கவனப்படுத்தினார். பாசனமும் நெல்லும் மிகுந்த பகுதிகளில் நிலமற்ற கூலிகளின் விகிதமும் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மக்களின் விகிதமும் கூடுதலாக இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். காவிரி பாயும் திருவாரூர் மாவட்டத்தில் 34 சதவீதம். மாநிலத்திலேயே அதிகம் அங்கேதான். (கிறித்தவத்துக்கு மாறிய தலித் மக்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

இதைப் படித்ததும் ஓர் எளிய முடிவுக்கு வரத் தோன்றும். ஆறு இருந்தது, நெல் வந்தது, நெல்லுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் தலித் மக்கள் அங்கே இருக்கிறார்கள். புவியியலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போல இருக்கும்.

சொல்லவில்லை. நெல்லுக்குக் கைகள் தேவை என்பது உண்மை. அந்தக் கைகள் குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களின் கைகளாகவே இருக்க வேண்டும் என்று நெல் கேட்கவில்லை. உழைத்தவருக்கு நிலம் சேரக்கூடாது என்று காவிரி சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று தனித்தனியாகக் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சமவெளியில் பிணம் எரிக்கும் இடம்கூடப் பிரிக்கப்பட்டிருந்தது. வண்டல் மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் படிந்தது. கோடு போட்டவர்கள் மனிதர்கள்.

சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்கும் ஆந்த்ரே பெத்தேயின் ஆய்வு 1965-இல் வெளிவந்தது. அதே தஞ்சைச் சமவெளியின் ஒரு கிராமத்தில் அவர் கண்டதும் மூன்றாகப் பிரிந்த ஊர்தான்: அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி. இராசராசன் போய், நாயக்கர் போய், மராட்டியர் போய், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். கோடு மட்டும் போகவில்லை. அதே சமவெளியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

தண்ணீர் இல்லாத இடத்திலும் சேரி உண்டு

நெல்தான் காரணம் என்றால், நெல் குறைந்த வறண்ட சீமையில் சேரி இருக்கக்கூடாது. இராமநாதபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கண்மாயும் மானாவாரியும்தான்.

1931-இல் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன், சாதி பற்றி எழுதிய நூலில் அந்தக் காலத்து இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் தலித் மக்கள் மீது விதித்த தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். எதை உடுத்தக்கூடாது, என்ன நகை போடக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. நம் தலைப்புக்கு வேண்டிய தடை வேறு ஒன்று. தலித் மக்கள் தங்களிடம் உள்ள நிலத்தை மிராசுதாரர்களுக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் விடக்கூடாது. தண்ணீர் இல்லாமல் மழையை மட்டும் நம்பி விளைவித்தாலும், அறுவடைக்கு நிற்கும்போது அந்த விளைச்சலைக் கொள்ளையடிக்க வேண்டும்.

இந்தத் தடையை இன்னொரு முறை படியுங்கள். வானத்திலிருந்து விழும் மழைக்குச் சாதி தெரியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மழை கொடுத்ததைப் பறிக்கத் தனியாக ஒரு விதி எழுதினார்கள். புவியியல் தலித் மக்களை ஏழையாக்கியிருந்தால் இந்த விதிக்கே அவசியம் வந்திருக்காது.

வடக்கே பஞ்சாபும் இதைத்தான் காட்டுகிறது. ஐந்து ஆறுகளின் நாடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் கால்வாய் வெட்டி அதன் வறண்ட மேற்குப் பகுதியைக் கோதுமை விளையும் பூமியாக மாற்றினார்கள். கூடவே 1900-இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. 'விவசாயச் சாதிகள்' என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலத்தைப் பட்டியலில் இல்லாதவர்கள் வாங்க முடியாது என்றது அது. வட்டிக்காரர்களிடமிருந்து விவசாயியைக் காக்க என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தலித் மக்களும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். விடுதலைக்குப் பிறகே அந்தத் தடை நீங்கியது. இன்று இந்தியாவிலேயே பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் பஞ்சாப். 2011 கணக்கில் கிட்டத்தட்ட 32 சதவீதம். நிலத்திலோ அவர்கள் பங்கு மிகச் சிறியது. கிராமப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சட்டப்படித் தங்களுக்குக் குத்தகைக்கு விடும்படிக் கேட்டுத்தான் சங்ரூர் பகுதியில் தலித் பெண்களும் ஆண்களும் போராடி வருகிறார்கள்.

நிலத்தை உண்டாக்கியவர்களுக்கு நிலம் இல்லை

இயற்கை கொடுத்த நிலத்தைப் பங்கு போட்டதில் மட்டும் அநீதி நடக்கவில்லை. நிலத்தையே உண்டாக்கிய மக்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. வேம்பநாட்டுக் காயலின் நீருக்குள் மூழ்கிச் சேறு அள்ளி, வரம்பு கட்டி, தண்ணீரை இறைத்து அந்த வயல்களை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் புலையர், பறையர் முதலான உழைக்கும் சாதியினர். 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. மரபு அவர்களுடையது. பட்டா அவர்களுடையதாக இருக்கவில்லை. 1970-இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தில் குத்தகைதாரருக்கு வயல் போனது. குடிகிடப்புக்காரர்களாக இருந்த கூலிகளுக்குக் கிராமத்தில் கிடைத்தது அதிகபட்சம் 10 சென்ட் வீட்டு மனை.

வங்காளத்தின் கதை இன்னும் கடினமானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கலக்கும் கழிமுகத்தின் சதுப்புகளில் நாமசூத்திர மக்கள் வாழ்ந்தார்கள். யாரும் விரும்பாத நீர்க்காட்டைத் திருத்தி விவசாயிகள் ஆனார்கள். ஒரே பகுதியில் திரளாக வாழ்ந்தது அவர்களுக்குப் பலம் தந்தது. ஹரிசந்த் தாக்கூரும் குருசந்த் தாக்கூரும் அங்கே மதுவா இயக்கத்தைக் கட்டினார்கள். இழிவான சாதிப் பெயரைப் போராடி 1911 கணக்கெடுப்பில் மாற்ற வைத்தார்கள். 1946-இல் பம்பாயில் கதவடைக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர், ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோரின் ஆதரவோடு வங்காளத்திலிருந்துதான் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார்.

பிரிவினை அந்தக் கழிமுகத்தை வெட்டியது. அகதிகளாக வந்த நாமசூத்திரர்களில் ஏராளமானோரை அரசு தண்டகாரண்யத்துக்கு அனுப்பியது. ஆற்றையும் படகையும் நெல்லையும் மட்டுமே அறிந்த மக்களுக்குக் கல்லும் காடுமான வறண்ட மேட்டுநிலம். தங்களுக்குத் தெரிந்த நீர்நிலத்தைத் தேடி 1978-இல் அவர்களில் ஒரு பகுதியினர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்கு வந்து குடியேறினார்கள். மேற்கு வங்க இடது முன்னணி அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட காடு என்றது. 1979 ஜனவரியில் தீவைச் சுற்றிப் போலீஸ் முற்றுகை போட்டது. மே மாதத்தில் வலுக்கட்டாயமாக வெளியேற்றியது. பசியிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. எந்த நிலம் தங்களுக்குப் பொருந்தும் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.

மலை ஏறியவர்கள்

மலையில் நம் மக்கள் எப்படி வந்தார்கள்? 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மழை பொய்த்துச் சமவெளி காய்ந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த இலங்கைத் தோட்டங்களுக்கான பயணத்தில் பஞ்சமும் ஆட்களைத் தள்ளிவிட்டது. உயரமும் குளிரும் மழையும் தேயிலைக்கு ஏற்றவை என்று மலை சொன்னது. யார் அதைப் பறிக்க வேண்டும் என்று கங்காணியும் துரையும் முடிவு செய்தார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சேரியிலிருந்து போனவர்களுக்கு அங்கே கிடைத்தது லயன் அறை.

இலங்கை 1948-இல் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். நீலகிரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 32 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. மாஞ்சோலையை மறக்க முடியுமா? 1999 ஜூலை 23 அன்று அந்த மலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாக்கியது. 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். குத்தகைக் காலம் முடியப்போகிறது என்று 2024-இல் அந்தத் தோட்டத்தில் வேலையே நிறுத்தப்பட்டது. தலைமுறைகளாக மலையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லை.

இனி வரும் வெள்ளம்

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால் சென்னையைப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரத்தில் இருப்பது ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஏழைக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்களில் தலித் மக்கள் ஏராளம். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புப் பகுதியில் இருக்கும் பெரும்பாக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணீர் நின்றது. ஆற்றோரத்தில் இருந்த பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கிராமத்திலும் இதே கணக்குதான். மழை விட்ட மறுநாள் ஊர்த்தெருவில் கோலம் போட்டுவிடுவார்கள்; காலனியில் ஒரு வாரம் கழித்தும் முழங்கால் தண்ணீர் நிற்கும். களப்பணியில் இதை நான் பார்க்காத மழைக்காலம் இல்லை. பயிர் மூழ்கினால் நிலமுள்ளவருக்குக் காப்பீடு உண்டு. அந்த வயலில் வேலை போன கூலிக்கு எதுவும் இல்லை. காலநிலை மாற்றத்தால் கனமழையும் கடும் வெயிலும் கூடும்போது, அதை முதலில் தாங்கப் போவது பள்ளத்தில் இருப்பவர்களும் வெயிலில் வேலை செய்பவர்களும்தான்.

எனவே தோழர்களே, கோபத்தோடு ஒரு வேலையும் செய்வோம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். கடைசி வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது? வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பள்ளி, மேல்நிலைத் தொட்டி, புயல் காப்பகம் எந்தப் பக்கம்? மழைக்காலத்தில் நம் சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் நம் மக்கள் பெயரில் உள்ளவை நஞ்சையா, புஞ்சையா, தரிசா? 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர், அது இன்று யார் கையில்? கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் பேசுங்கள். மனைப்பட்டா கேட்கும்போது மேட்டில் கேளுங்கள். வடிகால் திட்டம் காலனியிலிருந்து தொடங்கட்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பேரிடர் நிவாரணத்தில் கூலித் தொழிலாளரின் வேலை இழப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லுங்கள்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் வண்டல் மண், வற்றாத ஆறு என்றே எழுதி மதிப்பெண்ணை வாங்கிவிடுங்கள். அந்த மதிப்பெண் நமக்கு வேண்டும். வேலைக்குப் போய், ஒருநாள் வட்டாட்சியராகவோ மாவட்ட ஆட்சியராகவோ உட்கார்ந்து, நத்தத்துக்கு இடம் தேர்வு செய்யும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்த இடம் மேடா பள்ளமா என்று நேரில் போய்ப் பாருங்கள்.